சட்டம் விட்டாலும் நான் விடுவதில்லை

பலாலியில் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்ட பின்னர், விமானம் ஓட்டிப் பழகுவது பற்றி விசாரிக்கும் இளையவர்கள் எங்கள் பக்கத்தில் கூடியிருக்கிறார்கள். கொழும்பை அடுத்த இரத்மலானையில் பழகித் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தவன் என்பதால், தெல்லிப்பழையில் இருக்கும் என்னிடமும் சிலர் வருகிறார்கள். எவ்வளவு முடியும், எத்தனை மாதம் பிடிக்கும், கண்ணாடி போட்டவர்களுக்கு மருத்துவச் சான்று கிடைக்குமா என்பவற்றைக் கேட்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு எந்த நாளில் பறப்பது, எந்த நாளில் விமானத்துக்கு உறை போட்டுவிட்டுத் திரும்பி வருவது என்பதை எப்படி முடிவு செய்வீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை இங்கே எழுதுகிறேன்.

சர்வதேசத் தரத்தின்படி 17 வயது நிரம்பியிருந்து, 40 மணி நேரப் பறப்பு அனுபவமும் மருத்துவச் சான்றும் பெற்று, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறினால் ஒருவர் தனியார் விமானி ஆகலாம். கருவிகளை நம்பாமல் கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான விதிகளின்படி, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்பரப்பில் 10,000 அடிக்குக் கீழே அவருக்கு 5 கிலோமீற்றர் பார்வைத்தூரம் இருக்க வேண்டும். முகிலிலிருந்து பக்கவாட்டில் 1,500 மீற்றரும் மேலோ கீழோ 1,000 அடியும் விலகியிருக்க வேண்டும். பகலில் என்றால் போகுமிடம் சேர்ந்த பின்னும் 30 நிமிடம் பறக்க எரிபொருள் மிஞ்ச வேண்டும். இவற்றை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் பறக்கும் பயிற்றுநருக்கும், எப்போதாவது கொழும்புக்குப் போய் வாடகைக்கு விமானம் எடுக்கும் என் போன்றவருக்கும் இதே எண்கள்தாம். சட்டத்தால் ஒவ்வொருவரின் கைப்பழக்கத்தையும் அளந்து தனித்தனியே எல்லை போட முடியாது. அந்த வேலை அவரவருடையது.

ஆகவே ஒவ்வொரு பொழுதுபோக்கு விமானியும் சட்டம் சொல்லும் எல்லைக்கு உள்ளே தனக்கென்று இன்னொரு எல்லையை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. மனதில் வைத்திருப்பது போதாது. தாளில் இருக்க வேண்டும். மனதில் இருக்கும் எண் அன்றைய ஆசைக்கு ஏற்ப நகர்ந்துவிடும். பக்கக்காற்று எட்டு நொட்டுக்கு (மணிக்கு எட்டுக் கடல் மைலுக்கு) மேல் என்றால் போகமாட்டேன் என்று நினைத்திருந்தவர், காற்று பத்து நொட் வீசும் காலையில் ‘பத்தும் எட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே’ என்று சொல்லிக்கொள்வார். தாளில் 8 என்று தன் கையால் எழுதிக் கீழே திகதியும் போட்டிருந்தால் அப்படிச் சொல்வது கடினம். என் தாளின் தலைப்பிலேயே ஒரு நிபந்தனை உண்டு: பறக்கும் நாளில் எந்த எல்லையையும் இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. தளர்த்துவதென்றால் வேறொரு நாளில், வீட்டில் இருந்து, பயிற்றுநருடன் பேசிய பிறகுதான்.

முதலில் பார்வைத்தூரம். 100 நொட் வேகத்தில் போகும் சிறு விமானம் ஒரு நிமிடத்தில் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகக் கடக்கும். சட்டம் கேட்கும் 5 கிலோமீற்றரை மட்டும் வைத்துக்கொண்டு பறப்பவர், தனக்கு முன்னால் தெரியும் உலகத்தின் விளிம்பை ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் எட்டிவிடுவார். அந்த நேரத்துக்குள் மழைத்திரை ஒன்றைக் கண்டு, அது நகரும் திசையைக் கணித்து, வரைபடத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பழக்கம் உள்ளவருக்கு அது போதும். எனக்குத் தரைக்கு மேலே 8 கிலோமீற்றரும் கடலுக்கு மேலே 10 கிலோமீற்றரும் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

கடலுக்குக் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. குடாநாட்டின் வடகரையில், கீரிமலையிலோ மயிலிட்டியிலோ, மாரி தொடங்கும் காலத்து மாலையில் நின்று வடக்கே பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீரும் வானும் ஒரே சாம்பல் நிறமாகி, இரண்டும் சந்திக்கும் கோடு எங்கே என்று கண் தேடிக்கொண்டேயிருக்கும். கரையில் நிற்பவருக்கு அது அழகான காட்சி. அதே நிறத்துக்குள் விமானத்தில் இருப்பவருக்கு, தான் நேராகப் போகிறாரா சாய்ந்து போகிறாரா என்பதைச் சொல்ல வெளியில் ஒன்றும் இல்லை. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, மெல்லத் தொடங்கும் சாய்வை உணராது. உணர்ந்தாலும் தலைகீழாகச் சொல்லும். கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாதவர் தன் உடம்பு சொல்வதை நம்பிக் கைப்பிடியைத் திருப்புவார். விமானம் சுருள்வட்டமாக இறங்கத் தொடங்கும்.

1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிப் பறப்பில் பழக்கமில்லாத 20 பேரை, வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் பறக்கவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 செக்கனில் இழந்தார். மிக நீண்ட நேரம் தாக்குப்பிடித்தவருக்கு 480 செக்கன் பிடித்தது. சராசரி 178 செக்கன். மூன்று நிமிடம்கூட இல்லை. இந்த எண்ணைப் பயிற்சியின் முதல் மாதத்திலேயே ஒவ்வொரு மாணவருக்கும் சொல்ல வேண்டும். 1999 ஜூலை 16 இரவு ஜோன் எப். கென்னடியின் மகன் தன் மனைவியுடனும் மனைவியின் சகோதரியுடனும் பைப்பர் சரட்டோகா விமானத்தில் சென்று அத்திலாந்திக் கடலில் வீழ்ந்ததற்கு, இரவில் நீருக்கு மேலே இறங்கும்போது திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்ததையே அமெரிக்க விசாரணையாளர்கள் காரணமாகக் கூறினார்கள். புகைமூட்டமும் இருளும் அதற்குத் துணைபோயின. விமானத்தில் கோளாறு ஏதும் இருந்ததாக அவர்கள் காணவில்லை.

இந்த இரண்டையும் வைத்துத்தான் என் தாளில் இரவு பற்றிய வரி எழுதப்பட்டது: சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சக்கரம் ஓடுபாதையில் இருக்க வேண்டும், இரவில் கடலுக்கு மேலே பறப்பது அறவே இல்லை. முகில் பற்றிய வரி இன்னும் சுருக்கமானது. திட்டமிட்ட உயரத்திலிருந்து முகிலுக்காக ஒரு தடவை கீழிறங்க நேர்ந்தால், அதுவே திரும்புவதற்கான அடையாளம். இரண்டாம் தடவை இறங்கிப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பனைமர உயரத்தில் கடற்கரையைத் தேடுகிற நிலைக்கு வருபவர்கள் எல்லோரும் முதல் ஐந்நூறு அடியை யோசிக்காமல் விட்டுக்கொடுத்தவர்கள்தாம்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் தரைப்பக்கம் எழும் இடிமுகில்களுக்கு இந்த அளவுகூடப் பொருந்தாது. கடுமையான இடிமுகிலிலிருந்து 20 கடல் மைலாவது விலகியிருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இந்த இரண்டு மாதங்களிலும் காலை பத்து மணிக்குப் பிறகு இரத்மலானையிலிருந்து வடக்கே புறப்படுவதில்லை என்பதே என் வழி. தை மாதத்தில் நிலைமை மாறும். பிற்பகல் நல்லது, விடியற்காலையில் பனிமூட்டம் தோட்டங்களின் மேல் படுத்திருக்கும். அது விலகும்வரை பொறுத்திருப்பதற்கு எல்லை ஒன்றும் தேவையில்லை, பொறுமை போதும்.

காற்றைப் பற்றி எங்கள் கடற்றொழிலாளரிடம் கற்க நிறைய இருக்கிறது. வடகீழ்த் திசையின் வாடையும் தென்மேல் திசையின் சோளகமும் ஆண்டின் பெரும்பகுதியை ஆள்பவை. பலாலி ஓடுபாதையின் எண்கள் 05, 23. பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை கிடைக்கும். அதாவது அது வடகிழக்கும் தென்மேற்கும் நோக்கிக் கிடக்கிறது. வாடையும் சோளகமும் ஏறத்தாழ ஓடுபாதையின் நேர்கோட்டிலேயே வருகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தத் தளத்தை அமைத்தவர்கள் போட்ட கோடு இன்றும் சிறு விமானங்களுக்கு உதவுகிறது. ஆனால் மேற்கிலிருந்து கச்சான் வீசினால் கணக்கு வேறு. மேற்குக் காற்றுக்கும் 23ஆம் ஓடுபாதைக்கும் இடையே 40 பாகை. 15 நொட் காற்று வீசினால் பக்கவாட்டாகத் தள்ளும் பங்கு ஏறத்தாழ 10 நொட். வீச்சுகளில் 22 நொட் வரை எழுந்தால் பக்கப்பங்கு 14 நொட். செஸ்னா 172 விமானத்தின் கையேட்டில் பக்கக்காற்றுக்கு 15 நொட் என்று இருக்கிறது. செஸ்னா 152க்கு 12 நொட். அவை தேர்ந்த சோதனை விமானி இறக்கிக் காட்டிய அளவுகள். ஒரு மாதமாகக் கைப்பிடியைத் தொடாத ஒருவர் அதைத் தனக்கான அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் எல்லை, வீச்சையும் சேர்த்து 8 நொட். முப்பது நாளுக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால் 5 நொட். அதற்கு மேல் வீசும் நாளில் பயிற்றுநரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பழகுவேன். அப்படிப் பழகிய நாள்கள்தாம் எனக்கு மிகவும் பயன்பட்டவை.

வெப்பத்தையும் இதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலாலி கடல்மட்டத்திலிருந்து சில பத்து அடி உயரந்தான். ஆயினும் வெப்பநிலை 33 பாகை ஆகும்போது அங்குள்ள காற்று, கணக்குகளுக்கு அடிப்படையாகக் கொள்ளும் தர வளிமண்டலத்தில் 2,100 அடிக்கு மேல் இருக்க வேண்டிய அளவுக்கு மெலிந்துவிடுகிறது. இயந்திரமும் இறக்கையும் அதற்கேற்பத் தளரும். நான்கு இருக்கை உண்டு என்பதற்காக நான்கு பேரையும் பொதிகளையும் முழுத் தாங்கி எரிபொருளையும் சித்திரை மாத மத்தியானத்தில் ஏற்ற முடியாது. எடைக் கணக்கை எழுதிப் பார்க்காமல் நான் ஏறுவதில்லை. பயணிகளிடம் அவர்களின் எடையைக் கேட்கக் கூச்சப்படுவதும் இல்லை.

எரிபொருளை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே நேர்கோட்டில் 180 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. போய்வர ஏறத்தாழ 356 கடல் மைல். செஸ்னா 152இல் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் ஏறத்தாழ 93 லீற்றர். மணிக்கு 23 லீற்றர் எரியும் என்று வைத்தால் நான்கு மணி நேரம். 95 நொட்டில் பறந்தால் போய்வர மூன்றே முக்கால் மணி நேரம். காற்றே இல்லாத நாளிலும் மிஞ்சுவது கால்மணி நேரம். வடக்கே போகும்போது வாடை எதிரே 15 நொட் வீசினால், திரும்பும்போது அது பின்னாலிருந்து தள்ளினாலும், எதிர்க்காற்றில் இழந்த நேரம் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. மிஞ்சியதில் ஐந்தாறு நிமிடம் அதிலேயே போய்விடும். பலாலியில் அவ்காஸ் (சிறு விமானங்களுக்கான பெற்றோல்) நிரப்பலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு புறப்படக் கூடாது. அன்றைக்கு, அந்த நேரத்துக்கு, அந்த அளவு இருக்கிறதா என்று உரியவரிடம் நேரே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். சட்டம் கேட்பது 30 நிமிடம். நான் வைப்பது ஒரு முழு மணி நேரம். பறக்கும்போது அந்தக் கடைசி மணி நேரத்தைத் தொடுவேன் என்று தெரிந்தால், இடையில் இருக்கும் அநுராதபுரத்திலோ வவுனியாவிலோ இறங்குவேன் என்பதை முன்கூட்டியே பயணத் திட்டத்தில் எழுதியிருப்பேன். அவை விமானப்படையின் தளங்கள் என்பதால், முதல் நாளே பேசி வைக்க வேண்டியவை.

அளவைப் பார்ப்பதற்கு முகப்பில் உள்ள மானியை நான் நம்புவதில்லை. இறக்கையில் ஏறி மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்ப்பேன். பிறகு தாங்கியின் அடியிலிருந்து சிறு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் வடிப்பேன். அவ்காஸ் 100எல்எல் மெல்லிய நீல நிறம். நீர் கலந்திருந்தால் அது கோப்பையின் அடியில் நிறமற்ற உருண்டையாகத் தனித்து நிற்கும். ஆனால் ஒரு கண்ணியைக் கவனிக்க வேண்டும்: கோப்பைக்குள் வந்தது முழுவதும் நீராகவே இருந்தால் உருண்டையும் இல்லை, பிரியும் கோடும் இல்லை, அவசரக்காரருக்கு அது சுத்தமான எரிபொருளாகவே தெரியும். அதனால் கோப்பையை இறக்கையின் வெள்ளைப் பூச்சுக்கு நேரே பிடித்து நீலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; மூக்கருகே கொண்டுபோய் மணக்க வேண்டும். மாரிகாலத்தில் வெளியே நின்ற விமானத்தின் மூடியிலுள்ள இறப்பர் வளையம் தேய்ந்திருந்தால் இரவு மழை நேரே தாங்கிக்குள் இறங்கும். அந்த நாள்களில் ஒரு கோப்பை போதாது. தெளிவாக நீலமாக வரும்வரை வடித்து, சற்றுப் பொறுத்து, இன்னொரு தடவையும் வடிப்பேன்.

எங்கள் வெப்பத்தில் பனிக்கட்டி எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றர் உள்ள இயந்திரத்தில், காற்று ஒடுங்கிய குழாய் வழியே விரைந்து போகும்போதும் பெற்றோல் ஆவியாகும்போதும் வெப்பநிலை பல பாகை விழுகிறது. வெளியே 30 பாகை இருந்தாலும் கடற்கரைக் காற்றின் ஈரப்பதன் அங்கே உறைந்து குழாயை அடைக்கலாம். இறங்குவதற்காக வலுவைக் குறைத்திருக்கும் வேளையில் அது மிக எளிதில் நடக்கும். இயந்திரத்தின் சுழற்சி எண் மெல்ல, காரணமின்றிக் குறைவதே முதல் அடையாளம். வெந்நிலைக் காற்றுப் பிடியை முழுவதும் இழுத்தால் எண் இன்னும் விழும், இயந்திரம் சற்று இருமும், பிறகு நீர் வெளியேறியதும் எண் ஏறும். அந்த இருமலுக்குப் பயந்து பிடியைத் திரும்பத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. தள்ளக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பறப்பவருக்கு இது குளிர்நாட்டுக் கதை அன்று.

கடலைத் தாண்டும் எல்லையை எண்ணால் பார்த்துவிடலாம். செஸ்னா 172 இயந்திரம் நின்றால் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல், அதாவது 2.8 கிலோமீற்றர், சறுக்கிச் செல்லும். 3,000 அடியில் இருந்தால் 8 கிலோமீற்றர். புங்குடுதீவிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் கடல்வெளி இந்த உயரத்தில் அடங்கும். எந்த இடத்தில் நின்றாலும் ஒரு கரை எட்டும். காங்கேசன்துறையிலிருந்து கோடிக்கரை 50 கிலோமீற்றருக்கு மேல். நடுவில் இயந்திரம் நின்றால் ஏதாவது ஒரு கரையைத் தொட 10,000 அடியளவு வேண்டும். 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதற் பறப்பு காங்கேசன்துறையில் தரித்து மதராஸுக்குப் போனது இரண்டு இயந்திரம் கொண்ட டக்கோட்டாவில். ஒற்றை இயந்திரத்தில் அந்த நீரிணைக்கு மேலே பொழுதுபோக்காகப் போக எனக்கு ஒரு வேலையும் இல்லை. தீவுகளுக்கு மேலே போகும்போதும் எல்லோரும் உயிர்காப்பு அங்கியை உடுத்தபடியே இருக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் வைத்திருப்பது உதவாது. உள்ளே இருக்கும்போது அதை ஊதக் கூடாது என்பதையும், நீரில் இறங்கும் முன் கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும் என்பதையும் தரையிலேயே சொல்லிக் காட்டுவேன்.

விமானத்தையும் வானத்தையும் இவ்வளவு சோதிக்கும் விமானி தன்னைச் சோதிக்க மறந்துவிடுகிறார். உடல்நலம், மருந்து, மனச்சுமை, மது, களைப்பு, உணவு என்ற ஆறையும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும்படி பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். எங்கள் ஊர் வாழ்க்கையில் இவற்றுக்குச் சில தனி முகங்கள் உண்டு. தடிமனுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் குளிசையில் பெரும்பாலும் குளோர்பெனிரமின் இருக்கும். அது தூக்கத்தைத் தரும், தூக்கம் போன பிறகும் கவனத்தை மந்தமாக வைத்திருக்கும். அது உடம்பில் இருக்கும்வரை நான் பறப்பதில்லை. கோயில் திருவிழாவில் இரவு முழுதும் விழித்திருந்தவரும், செத்தவீட்டிலிருந்து வந்தவரும் மறுநாள் காலையில் விமானத்தில் ஏறக் கூடாது. கந்தசஷ்டி விரதம் ஐப்பசியில், மழையும் குழப்பக் காற்றும் மிகுந்த காலத்தில் வருகிறது. விரதம் இருப்பவர் பறக்கக் கூடாது என்பதை நான் எந்தத் தயக்கமும் இன்றிச் சொல்வேன். நீர்கூட அருந்தாத உடம்பு, வெயிலில் சுடும் விமான அறைக்குள் இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துவிடும். சோர்ந்திருப்பது சோர்ந்தவருக்குத் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. மதுவுக்குப் பல நாடுகளின் சட்டம் எட்டு மணி நேர இடைவெளியைக் கேட்கிறது. என் தாளில் 24 மணி நேரம்.

இத்தனையையும்விடக் கடினமான எல்லை மனிதர்களைப் பற்றியது. என் தங்கையின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்தவன், நன்றாகப் பறப்பவன். ஓர் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதற்கு முன் தொலைபேசியில் பேசினான். இலங்கை விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் தன் அனுமதிப்பத்திரத்துக்கு ஏற்பு வாங்கி, இரத்மலானையில் விமானம் எடுத்து, குடும்பத்தை ஏற்றி வரும் திட்டம்.

“மாமா, தேருக்கு முதல்நாள் எல்லாரையும் பிளேனிலை கொண்டு வந்து இறக்கிறன் எண்டு அம்மம்மாவுக்குச் சொல்லிப்போட்டன்.”

“தம்பி, நீ நல்லா ஓடுவாய், எனக்குத் தெரியும். ஆனா அம்மம்மாவோடை திருப்பிக் கதை. சரிவந்தா பிளேனிலை வருவம், இல்லாட்டி யாழ்தேவியிலை வருவம் எண்டு சொல்லு. ரயில் ரிக்கற்றையும் இப்பவே எடு.”

அவன் ரிக்கற்றை எடுத்தான். அந்த நாளில் வானம் எப்படி இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை. ரிக்கற் சட்டைப்பையில் இருக்கும் விமானியால் வானத்தை நேர்மையாகப் பார்க்க முடியும் என்பதுதான் முக்கியம். எங்கள் சமூகத்தில் சொன்ன சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஊரில் பத்துப் பேர் வாசலில் காத்திருக்கிறார்கள், பாட்டி சமைத்து வைத்திருக்கிறார், பெரியப்பா பலாலிக்கு வாகனம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார் என்றால், மன்னாருக்கு மேலே முகில் தாழ்ந்து வரும்போது அந்தப் பத்து முகங்களும் விமானிக்கு அருகில் வந்து அமர்ந்துவிடும். அவர்கள் யாரும் அவரை வற்புறுத்தவில்லை. ஆனால் திரும்பிப் போவதை அவமானமாகக் காட்ட அவர்களின் காத்திருப்பே போதும். ஆகவே என் விதி: இறங்கும் நேரத்தை உறவினருக்குச் சொல்வதில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும், நான் வராவிட்டால் தேட வேண்டிய என் மனைவிக்கும் மட்டுமே அது தெரியும். மற்றவர்களுக்கு இறங்கிய பிறகு அழைப்பு எடுப்பேன். பயணிகளிடமும் புறப்படும் முன்பே, பாதி வழியில் திரும்புவது சாதாரணமான செயல், அதற்கு நான் விளக்கம் சொல்லமாட்டேன், அன்று ஒருவருக்கும் அங்கே கட்டாயமான வேலை இருக்கக் கூடாது என்று சொல்லிவிடுவேன். அதற்கு முகம் சுளித்தவரை ஏற்றுவதில்லை.

இதே வகையில் இன்னொரு ஆசை, சொந்த வீட்டுக்கு மேலே தாழப் பறந்து காட்டுவது. முற்றத்தில் அம்மா நிற்பார், அயல் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். நெருக்கமான குடியிருப்புக்கு மேலே 600 மீற்றர் ஆரைக்குள் உள்ள மிக உயர்ந்த தடையிலிருந்து 1,000 அடியாவது விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆபத்து உயரத்தில் மட்டும் இல்லை. வீட்டைக் கண்ணில் வைத்துக்கொண்டே சுற்றும்போது வட்டம் இறுகும், சாய்வு கூடும், வேகமானியில் கண் இருக்காது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது இறக்கை இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். நேர்ப் பறப்பில் 50 நொட்டில் ஸ்டோல் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் வலுவை இழக்கும், விமானம் அப்போது 70 நொட்டிலேயே ஸ்டோல் ஆகும். 30 பாகையில் அது ஏழு விழுக்காடுதான் கூடும். அதனால் ஊருக்கு மேலே 1,500 அடிக்குக் கீழே இறங்குவதில்லை, 30 பாகைக்கு மேல் சாய்வதில்லை, ஒரு சுற்றுக்கு மேல் சுற்றுவதும் இல்லை. தைப்பொங்கலையொட்டிய நாள்களில் இந்த 1,500 அடியையும் கூட்டிக்கொள்வேன். வல்வெட்டித்துறையில் மட்டுமன்றிக் குடாநாடு முழுவதும் வாடைக்குப் பட்டங்கள் ஏறும்; அவற்றின் கயிற்றைக் கண்ணால் காண முடியாது.

புறப்படும் கணத்துக்கான விதியை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்வேன், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1,000 அடிக்குக் கீழே இயந்திரம் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப முயல்வதில்லை; மூக்கைத் தாழ்த்தி, முன்னால் இடமும் வலமும் முப்பது பாகைக்குள் இருப்பதில் இறங்குவது. 05ஆம் ஓடுபாதையில் அது கடல். 23இல் என்றால் வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள், பனைகள், மதில்கள். தோட்டத்தில் இறங்கினால் விமானம் உடையலாம். தாழ்ந்த உயரத்தில் திரும்ப முயன்று ஸ்டோல் ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைப்பதில்லை. வாடகை விமானம் உடைந்தால் காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்பதையும் அதே மூச்சில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். விமானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம்தான் பலரைத் திரும்பச் செய்கிறது.

பயணிகளை ஏற்றுவதற்குப் பல நாடுகளில் 90 நாளுக்குள் மூன்று புறப்பாடும் மூன்று இறக்கமும் போதும். எனக்கு 30 நாளுக்குள் அவை இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதலில் பயிற்றுநருடன் ஒரு மணி நேரம்.

என் எண்களை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பழக்கம், உங்கள் விமானம், உங்கள் வயது வேறு. இரத்மலானையில் இப்போது பழகிக்கொண்டிருப்பவர்கள், தனியாக முதல் தூரப் பயணம் போவதற்கு முன் பயிற்றுநரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுபோய்ப் பார்வைத்தூரம், முகிலின் உயரம், பக்கக்காற்று, மிஞ்சும் எரிபொருள் என்ற நான்கு வரிகளை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அவர் உங்கள் கையைப் பார்த்தவர். உங்களைவிடச் சரியான எண்ணைச் சொல்வார். ஐந்தாவது வரியாக, திரும்பி வருவதென்றால் யாருக்கு அழைப்பு எடுப்பீர்கள் என்று ஒருவரின் பெயரை எழுதுங்கள். அவர் ஏன் திரும்பினாய் என்று கேட்காதவராக இருக்கட்டும்.